அரசிதழில் வந்துவிட்டதா? – அரசு வெளியீடுகளைத் தேடுவோர் அறிய வேண்டியவை

காவிரி நடுவர் மன்றம் தன் இறுதித் தீர்ப்பை 2007 பிப்ரவரி 5 அன்று வழங்கியது. தமிழகத்துக்கு 419 டி.எம்.சி. என்பது மறுநாளே ஊரெல்லாம் தெரிந்த செய்தி. ஆனால் அந்தத் தீர்ப்பு இந்திய அரசிதழில் வெளியானது 2013 பிப்ரவரியில்தான். அதுவும் உச்ச நீதிமன்றம் கெடு விதித்த பிறகு. மேல்முறையீடுகளும் விளக்கம் கேட்ட மனுக்களும் நிலுவையில் இருந்தன என்பது தாமதத்துக்குச் சொல்லப்பட்ட காரணம். இடைப்பட்ட ஆறு ஆண்டுகளும் டெல்டா உழவர்கள் ‘அரசிதழில் வெளியிடு’ என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். தீர்ப்பின் வாசகம் எல்லாருக்கும் தெரியும். அது அச்சாகவேண்டிய இடத்தில் அச்சாகவில்லை என்பதே அவர்களுடைய முறையீடு.

மாநிலங்களுக்கு இடையிலான ஆற்று நீர்த் தகராறுகள் சட்டம், 1956இன் 6ஆம் பிரிவு, நடுவர் மன்றத்தின் முடிவை அரசிதழில் வெளியிட வேண்டும் என்றும், அம்முடிவு இறுதியானது, தரப்பினரைக் கட்டுப்படுத்தும் என்றும் சொல்கிறது. ஒரு தாளில் அச்சேறுவதற்கும் வயலில் தண்ணீர் பாய்வதற்கும் இப்படி ஒரு தொடர்பு இருக்கிறது. அந்தத் தொடர்பைக் கண்டுபிடித்து, சரிபார்த்து, கேட்பவர் கையில் கொடுப்பது நூலகர், ஆவணக் காப்பாளர், நாளிதழ் அலுவலகத் தகவல் பிரிவினர், ஆய்வு உதவியாளர் ஆகியோரின் தொழில். அரசு வெளியீட்டைப் பொறுத்தவரை, அதில் என்ன எழுதியிருக்கிறது என்பது பாதி விடை. யார், எந்த அதிகாரத்தில், என்று, எந்தப் பதிப்பாக வெளியிட்டார் என்பது மறுபாதி. இந்த மறுபாதியைத் தவறவிட்டவருக்கு முதல் பாதியும் கைகொடுக்காது. இதுவே இக்கட்டுரையின் வாதம்.

மூன்று வழக்குகள், ஒரே கேள்வி

வெளியீட்டு நாளுக்கு ஏன் இவ்வளவு மதிப்பு என்பதை மூன்று உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் வழியாகப் பார்க்கலாம்.

முதலாவது, ஹர்லா வழக்கு. ஜெய்ப்பூர் மகாராஜா சிறுவராக இருந்த காலத்தில் அமைச்சர் குழு ஒன்று சமஸ்தானத்தை ஆண்டது. 1923 டிசம்பரில் அந்தக் குழு ஓர் அபினிச் சட்டத்தைத் தீர்மானமாக நிறைவேற்றியது. அதை அரசிதழில் வெளியிடவில்லை. தண்டோரா போட்டோ வேறு வழியிலோ மக்களுக்கு அறிவிக்கவும் இல்லை. அந்தச் சட்டத்தின் கீழ் ஹர்லாவுக்கு 50 ரூபாய் அபராதம் விதிக்கப்பட்டது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 1951இல் நீதிபதி விவியன் போஸ் எழுதிய தீர்ப்பு அந்தத் தண்டனையை ரத்து செய்தது. மூடிய அறைக்குள் நிறைவேறிய தீர்மானம் மக்களுக்குத் தெரியும்படி அறிவிக்கப்படாதவரை சட்டமாகாது, அறியவே வழியில்லாத ஒன்றுக்காக ஒருவரைத் தண்டிப்பது இயற்கை நீதிக்கு ஒவ்வாது என்பது அதன் சாரம்.

இரண்டாவது, மேயர் ஹான்ஸ் ஜார்ஜ் வழக்கு. இவர் 1962 நவம்பரில் ஜூரிக்கிலிருந்து மணிலாவுக்கு ஸ்விஸ்ஏர் விமானத்தில் சென்றவர். உடலோடு 34 கிலோ தங்கம் கட்டியிருந்தார். விமானம் 28ஆம் தேதி பம்பாயில் இறங்கியது. வழிப்பயணிகள் கொண்டுசெல்லும் தங்கத்துக்கு முன்பு இருந்த சலுகையை மாற்றும் அறிவிக்கை அதற்கு நான்கு நாள் முன்பு, 24ஆம் தேதி, இந்திய அரசிதழில் வெளியாகியிருந்தது. வெளிநாட்டில் இருந்த எனக்கு அது எப்படித் தெரியும் என்று கேட்டார். பம்பாய் உயர் நீதிமன்றம் அவரை விடுவித்தது. உச்ச நீதிமன்றத்தில் பெரும்பான்மை நீதிபதிகள் அதை ஏற்கவில்லை. அரசிதழில் வெளியானாலே போதும், ஒவ்வொருவருக்கும் தனித்தனியே தெரிந்திருக்க வேண்டியதில்லை என்றனர். நீதிபதி சுப்பாராவ் மட்டும் மாறுபட்டார்.

மூன்றாவது, சத்தா அரிசி ஆலை வழக்கு. புல்வாமா தாக்குதலுக்குப் பின், 2019 பிப்ரவரி 16 அன்று, பாகிஸ்தானிலிருந்து வரும் பொருள்களுக்கு 200 விழுக்காடு சுங்க வரி விதித்து அறிவிக்கை வந்தது. அது மின் அரசிதழில் ஏறிய நேரம் இரவு 8 மணி 46 நிமிடம் 58 நொடி. அன்று பகலிலேயே அட்டாரி எல்லையில் சரக்கைக் கொண்டுவந்து பத்திரங்களைத் தாக்கல் செய்திருந்த வணிகர்களிடமும் புது வரி கேட்கப்பட்டது. 2020 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் வணிகர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. அரசிதழ் மின்வடிவம் எடுத்த பிறகு, பதிவேறிய அந்த நேரத்திலிருந்துதான் அறிவிக்கைக்கு உயிர் என்றது.

முதல் வழக்கில் வெளியீடே இல்லை. இரண்டாவதில் நாள் கணக்கு. மூன்றாவதில் நொடிக் கணக்கு. மூன்றிலும் நீதிமன்றம் கேட்ட கேள்வி ஒன்றுதான்: என்று வெளியானது? இந்தக் கேள்விக்கு ஆவணத்தோடு விடை சொல்லத் தெரிந்தவரே அரசு வெளியீடுகளைக் கையாளத் தகுந்தவர்.

வெளியிடும் கடமை யாருக்கு?

தேடலைத் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் பொருளைக் கொண்டு தேடுகிறார்கள். ‘ஏரி ஆக்கிரமிப்பு’, ‘கைத்தறி மானியம்’ என்று தேடுபெட்டியில் இடுகிறார்கள். அரசு வெளியீடுகள் பொருள்வாரியாகப் பிறப்பதில்லை. ஒரு சட்டமோ விதியோ மரபோ ஓர் அலுவலகத்தின் மீது ஒரு கடமையைச் சுமத்துகிறது. அந்தக் கடமையின் விளைவாக ஒரு தாள் பிறக்கிறது. ஆகவே, ‘இதை எழுதிவைக்க யாருக்குக் கடமை? எழுதியதை யாரிடம் கொடுக்க வேண்டும்?’ என்ற இரு கேள்விகளிலிருந்து தொடங்குவதே நல்லது.

இந்திய அரசிதழின் பகுப்பு இதற்கு நல்ல உதாரணம். நாடாளுமன்றச் சட்டங்கள் பகுதி 2, பிரிவு 1இல் வரும். மசோதாக்கள் பிரிவு 2இல். அமைச்சகங்கள் இயற்றும் பொது விதிகள் பிரிவு 3, உட்பிரிவு (i)இல் ‘ஜி.எஸ்.ஆர்.’ என்ற வரிசை எண்ணோடும், சட்டப்படியான ஆணைகளும் அறிவிக்கைகளும் உட்பிரிவு (ii)இல் ‘எஸ்.ஓ.’ என்ற வரிசை எண்ணோடும் வரும். எண்ணுக்குப் பின் அடைப்பில் ‘இ’ இருந்தால் அது வாராந்தர இதழில் வந்ததல்ல, சிறப்பு வெளியீட்டில் வந்தது. இந்த ஓர் எழுத்தைக் கவனிக்காமல் வார இதழ்க் கட்டுகளை நாள் முழுக்கப் புரட்டிக் களைத்துப்போகிறவர்கள் உண்டு.

தமிழ்நாடு அரசிதழுக்கு நீண்ட வரலாறு உண்டு. ‘ஃபோர்ட் செயின்ட் ஜார்ஜ் கெஜட்’ என்ற பெயரில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முதற்பாதியில் தொடங்கியதன் தொடர்ச்சி அது. இன்று பெயர் மாற்றிக்கொள்ளும் சாதாரண மக்களுக்கு அது அறிமுகம். ஆறாம் பகுதியில் தனியார் விளம்பரங்களின் கீழ் வரும் பெயர் மாற்ற அறிவிப்புகளுக்காகப் பள்ளிச் சான்றிதழும் கடவுச்சீட்டும் காத்திருக்கின்றன.

அந்த இதழின் பழைய கட்டுகளில் தமிழ் இலக்கிய வரலாற்றுக்கே ஒரு புதையல் இருக்கிறது. 1867ஆம் ஆண்டின் அச்சகங்கள், நூல்கள் பதிவுச் சட்டத்தின்படி, மாகாணத்தில் அச்சான நூல்களின் பட்டியலை மூன்று மாதத்துக்கு ஒருமுறை அரசிதழில் வெளியிட வேண்டும். நூலின் பெயர், மொழி, ஆசிரியர், பொருள், அச்சிட்ட இடம், அச்சகத்தார், பதிப்பு, அச்சான படிகளின் எண்ணிக்கை, விலை, உரிமையாளர் எல்லாம் அதில் இடம்பெற வேண்டும். அரசுக்கு அன்று வேண்டியிருந்தது அச்சகங்கள் மீதான கண்காணிப்பு. நமக்கு இன்று கிடைத்திருப்பதோ, ஒரு பெரிய எழுத்துக் கதைப் பாட்டு எத்தனை படி அச்சானது, என்ன விலைக்கு விற்றது என்ற தகவல். ஓர் ஆவணம் பிறந்த நோக்கம் வேறு, பின்னாளில் அது பயன்படும் விதம் வேறு. பிறந்த நோக்கத்தை அறிந்தால்தான் அதன் ஓட்டைகளையும் அறியலாம்: பதிவுக்கு வராத நூல் பட்டியலில் இராது. அந்த 1867 சட்டத்தின் இடத்துக்கு வந்துள்ள 2023ஆம் ஆண்டின் சட்டம் பருவ இதழ்களை மட்டுமே எடுத்துக்கொண்டு நூல்களை விட்டுவிட்டது. கடமை நின்றால் தாளும் நின்றுபோகும். நம் காலத்து நூல்களைப் பற்றி அறிய விரும்பும் எதிர்கால ஆய்வாளருக்கு அப்படியொரு பட்டியல் இராது.

அரசாணையைப் படிக்கும் முறை

தமிழ்நாட்டில் அதிகம் தேடப்படும் அரசு ஆவணம் அரசாணைதான். ‘ஜி.ஓ. நம்பர் 112’ என்று யாராவது கேட்டு வந்தால் அதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. தலைமைச் செயலகத்தின் ஒவ்வொரு துறைக்கும் தனி எண் வரிசை. ஆண்டு பிறந்தால் எண் மறுபடியும் ஒன்றிலிருந்து தொடங்கும். அதோடு வகையும் உண்டு. ‘நிலை’ என்று அடைப்பில் இருப்பவை பெரும்பாலும் கொள்கை சார்ந்தவை, நிலைத்துப் பயன்படுபவை. ‘வாலாயம்’ அன்றாட நடைமுறை. ‘டி’ வரிசை பெரும்பாலும் தனி நேர்வுகள் பற்றியது. துறை, வகை, எண், நாள் ஆகிய நான்கும் சேர்ந்தால்தான் ஓர் அரசாணைக்கு அடையாளம். நாளைக் குறிக்கையில் ஆணையின் தலைப்பில் காணும் திருவள்ளுவர் ஆண்டைக் கிறித்துவ ஆண்டோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. இரண்டுக்கும் 31 ஆண்டு வேறுபாடு.

அரசாணையைக் கையில் எடுத்ததும் எல்லாரும் ‘ஆணை’ என்ற சொல்லுக்குக் கீழே ஓடுகிறார்கள். ஆய்வாளர் முதலில் நிற்க வேண்டிய இடம் அதற்கு மேலே உள்ள ‘படிக்கப்பட்டவை’. இந்த ஆணைக்கு முன் என்னென்ன ஆணைகள் வந்தன, எந்த இயக்குநரின் எந்தக் கடிதம் இதைக் கோரியது என்ற வரிசை அங்கே இருக்கிறது. அந்த வரிசையில் உள்ள பழைய ஆணையை எடுத்தால் அதற்கும் மேலே ஒரு ‘படிக்கப்பட்டவை’ இருக்கும். படிக்கட்டில் இறங்குவதுபோல இறங்கிப் போனால், இன்றைய ஒரு நலத்திட்டத்தின் வேர் பல பத்தாண்டுகளுக்கு முந்தைய ஆணையில் இருப்பது தெரியவரும். அடியில் உள்ள ‘பெறுநர்’ பட்டியலும் வீண் இல்லை. மூல ஆணை ஓரிடத்தில் கிடைக்காவிட்டால், அதன் படி எந்த எந்த அலுவலகத்துக்குப் போயிருக்கிறது என்பதை அந்தப் பட்டியலே சொல்லிவிடும்.

பழைய சென்னை மாகாண ஆவணங்களுக்குப் போகிறவர் இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். நிலம், பாசனம், பஞ்சம், வரி பற்றிய பெரும்பகுதி வருவாய் வாரியத்தின் நடவடிக்கைகளில் இருக்கிறது. 1786இல் ஏற்பட்டு 1980இல் கலைக்கப்பட்ட அந்த வாரியம் இன்றைய துறைப் பட்டியலில் இல்லை. இல்லாத அலுவலகத்தின் பெயரில் தேடத் தெரியாதவருக்கு இரு நூற்றாண்டுகளின் நில வரலாறு மூடியே கிடக்கும்.

ஒரு திட்டத்தின் தடம்

ஒரு பத்திரிகையாளர் வந்து, ‘சில ஆண்டுகளுக்கு முன் சட்டப்பேரவையில் ஒரு திட்டம் அறிவித்தார்கள், அது என்ன ஆயிற்று?’ என்று கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒரே ஆவணத்தில் இதற்கு விடை இராது. ஆனால் ஒரு திட்டம் அரசு எந்திரத்துக்குள் நகரும்போது ஒவ்வொரு நிலையத்திலும் ஒரு தாளை விட்டுச் செல்கிறது. நிலையங்களின் வரிசை தெரிந்தால் போதும்.

அறிவிப்பு 110ஆம் விதியின் கீழ் வந்திருந்தால், அது பேரவை நடவடிக்கைக் குறிப்பில் சொல்லுக்குச் சொல் பதிவாகியிருக்கும். நிதி ஒதுக்கீடு வரவு செலவுத் திட்ட ஆவணங்களில், உரிய மானியக் கோரிக்கையின் கீழ் இருக்கும். துறை அமைச்சர் அந்தக் கோரிக்கையை முன்வைக்கும்போது தரும் கொள்கை விளக்கக் குறிப்பு, திட்டம் எந்த அளவில் இருக்கிறது என்று ஆண்டுதோறும் சொல்லும். நிர்வாக ஒப்புதலும் வழிகாட்டு நெறிகளும் அரசாணையில். விதி திருத்தம் தேவைப்பட்டிருந்தால் அரசிதழ் அறிவிக்கை. பணம் செலவான விதத்தை, அரசமைப்பின் 151ஆம் பிரிவின்படி பேரவையில் வைக்கப்படும் இந்தியக் கணக்காய்வு, தணிக்கைத் தலைவரின் அறிக்கை சொல்லக்கூடும். அதன் மீது பொதுக் கணக்குக் குழுவின் அறிக்கை வந்திருக்கலாம்.

இந்த ஆவணங்கள் ஒரே குரலில் பேசுவதில்லை. அதுவே அவற்றின் பயன். கொள்கை விளக்கக் குறிப்பு துறை தன்னைப் பற்றித் தானே சொல்வது. தணிக்கை அறிக்கை வெளியிலிருந்து வந்து ஏடுகளைப் புரட்டிப் பார்த்தவர் சொல்வது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால், அறிவித்ததற்கும் நடந்ததற்கும் உள்ள தூரம் தெரியும். ஒன்றை மட்டும் கொடுத்து அனுப்பினால் கேட்டவருக்குப் பாதி உண்மையைக் கொடுத்தவர்களாவோம். தேடி எடுத்துத் தரும்போது, ‘இது துறையின் கூற்று, இது தணிக்கையின் கூற்று’ என்று பிரித்துச் சொல்லித் தருவது நம் பணியின் பகுதி.

பெயர் மாறும், எல்லை மாறும்

பட்டியல்களில் தேடும்போது இடறிவிழ வைப்பவை பெயர்கள். சென்னை மாகாணம், சென்னை மாநிலம், 1969 ஜனவரியிலிருந்து தமிழ்நாடு என்று ஒரே அரசு மூன்று பெயர்களில் நூற்பட்டியல்களில் வாழ்கிறது. 1985 முதல் 2020 வரை மனிதவள மேம்பாட்டு அமைச்சகம் என்று இருந்ததை அதற்கு முன்னும் பின்னும் கல்வி அமைச்சகம் என்று தேட வேண்டும். பட்டியல் தயாரிப்பவர் ஒவ்வொரு பழைய பெயரிலிருந்தும் புதிய பெயருக்கு ‘காண்க’ என்று வழிகாட்டவில்லை என்றால், நூல் அலமாரியில் இருந்தும் இல்லாததாகிவிடும்.

ஒரே ஆவணத்துக்கு இரண்டு அடையாளங்கள் இருப்பதும் உண்டு. தமிழக வரலாற்று நூல்களின் அடிக்குறிப்புகளில் எங்கும் காணும் கல்வெட்டு ஆண்டறிக்கைகளின் தொடக்க காலத் தொகுதிகள், சென்னை அரசின் அரசாணைகளாக, பொதுத் துறையின் கீழ் எண்ணிட்டு வெளிவந்தவை. தென்னிந்தியக் கல்வெட்டுகள் வரிசையை 1890இல் தொடங்கிவைத்த ஹுல்ட்ஷின் பணி அறிக்கைகளும் அப்படியே. கல்வெட்டு ஆய்வாளர் ஆண்டும் எண்ணும் சொல்லிக் கேட்பார். நூலகப் பட்டியலோ அதை அரசாணையாகப் பதிவுசெய்திருக்கும். இருவரையும் சேர்த்துவைப்பது தகவல் பணியாளரின் அறிவு.

பெயரைவிடப் பெரிய பொறி எல்லை. எச். லெ ஃபானு தொகுத்த சேலம் மாவட்டக் கையேடு 1883இல் வெளியானது. அதிலுள்ள ‘சேலம் மாவட்டம்’ இன்றைய சேலம் அல்ல. ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரி, நாமக்கல், திருப்பத்தூர் எல்லாம் அதற்குள் இருந்தன. நாமக்கல் வட்டம் 1910இல் திருச்சிராப்பள்ளிக்குப் போய் 1929இல் திரும்பி வந்தது. திருப்பத்தூர் 1911இல் வட ஆர்க்காட்டோடு சேர்ந்தது. 1965இல் தருமபுரி, 1997இல் நாமக்கல் தனி மாவட்டங்களாயின. 2004இல் தருமபுரியிலிருந்து கிருஷ்ணகிரி பிரிந்தது. கையேட்டில் உள்ள சேலத்தின் மக்கள்தொகையையும் 2011இன் சேலத்தையும் பக்கத்தில் வைத்து வளர்ச்சி விகிதம் கணக்கிட்டால் வருவது வெறும் பிழை. வட்டங்களாகப் பிரித்து, எல்லை மாற்ற அறிவிக்கைகளைப் பார்த்து, மறுபடியும் கூட்டிய பிறகே ஒப்பிட வேண்டும். 2011 கணக்கெடுப்பில் 32ஆக இருந்த தமிழக மாவட்டங்கள் இன்று 38. இந்தப் பொறி வருங்காலத்துக்கும் தயாராகக் காத்திருக்கிறது.

ஒரே கணக்கெடுப்பு, மூன்று தொகைகள்

எண்களைக் கேட்டு வருகிறவர்களுக்கு மக்கள்தொகைக் கணக்கெடுப்பைவிடப் பயனுள்ள வெளியீடு வேறில்லை. 1871இன் சென்னை மாகாணக் கணக்கெடுப்பு குறித்து டபிள்யூ. ஆர். கார்னிஷ் எழுதிய அறிக்கையிலிருந்து, 1961இல் பி. கே. நம்பியார் கண்காணிப்பில் வந்த கிராம ஆய்வு நூல்கள், சென்னை மாநிலக் கோயில்கள் பற்றிய தொகுதிகள் வரை, கணக்கெடுப்பின் பெயரால் வந்தவை தலைகளின் எண்ணிக்கையோடு நிற்பதில்லை. ஊர், தொழில், சாதி, திருவிழா, வீட்டுக் கூரை என ஒரு சமூகத்தின் சித்திரம் அவற்றில் உண்டு. 1951 முதல் வரும் மாவட்டக் கணக்கெடுப்புக் கையேடுகள் கிராமம் கிராமமாகத் தகவல் தருகின்றன.

ஆனால் எண்ணுக்கும் பதிப்பு உண்டு. 2011இல் இந்தியாவின் மக்கள்தொகை என்ன? முதலில் வந்த தற்காலிகத் தொகை 121,01,93,422. பின்னர் முதன்மைச் சுருக்கத்தில் வந்தது 121,05,69,573. அதன் பின் வந்த இறுதி அட்டவணைகளில் 121,08,54,977. கடைசி இரண்டுக்கும் உள்ள வேறுபாடு 2,85,404. மணிப்பூரின் இரு தொகைகளான 25,70,390க்கும் 28,55,794க்கும் உள்ள வேறுபாடும் அட்சரம் பிசகாமல் அதுவே. சேனாபதி மாவட்டத்தின் மாவோ மரம், பவோமாத்தா, புருல் என்ற மூன்று உட்கோட்டங்கள் ஒன்றில் விடப்பட்டிருந்தன, மற்றொன்றில் சேர்க்கப்பட்டிருந்தன. அட்டவணையின் அடிக்குறிப்பைப் படிக்காதவருக்கு இது முரண்பாடாகத் தெரியும்; படித்தவருக்கு மூன்று எண்களுக்கும் தனித்தனிக் காரணம் தெரியும். தமிழகத்துக்கும் இப்படியே: தற்காலிகத் தொகை 7,21,38,958, இறுதித் தொகை 7,21,47,030. வேறுபாடு 8,072 பேர். தலை எண்ணிக்கையில் இது ஒரு பேரூராட்சி அளவு. இரண்டும் அரசு வெளியிட்டவைதான். எதை எடுத்தோம் என்று எழுதாத கட்டுரையில் எண் இருந்தும் ஆதாரம் இல்லை.

2021இல் நடக்கவேண்டிய கணக்கெடுப்பு நடக்கவில்லை. அடுத்த கணக்கெடுப்புக்கு, நாட்டின் பெரும்பகுதியில் 2027 மார்ச் 1ஐக் குறிப்பு நாளாக வைத்து, 2025 ஜூன் 16 அன்று அரசிதழ் அறிவிக்கை வந்தது. அதுவரை 2011க்குப் பிந்தைய மக்கள்தொகை என்று யார் எந்த எண்ணைச் சொன்னாலும் அது மதிப்பீடு. கேட்டு வருகிறவரிடம் இதைச் சொல்லித்தான் எண்ணைக் கொடுக்க வேண்டும்.

எங்கே இருக்கிறது?

1954இல் இயற்றிய நூல்கள் வழங்கல் சட்டம், நாட்டில் வெளியாகும் நூல் ஒவ்வொன்றின் படியையும் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும், சென்னை கன்னிமாரா நூலகம் உள்ளிட்ட மற்ற பொது நூலகங்களுக்கும் 30 நாளுக்குள் அனுப்ப வேண்டும் என்றது. அரசு வெளியிடும் நூல்களுக்கும் இது பொருந்தும். அலுவல் பயன்பாட்டுக்கு மட்டும் என்று அச்சிட்டவை விலக்கு. 1896இல் எழும்பூரில் திறந்த கன்னிமாரா நூலகத்திலும், அதே பகுதியில் 1909இல் ஆவணக் களரியாக அமைந்த தமிழ்நாடு ஆவணக் காப்பகத்திலும் மாகாண காலத்து வெளியீடுகளைத் தேடலாம். காப்பகத்துக்குப் போகிறவர் துறை, ஆண்டு, எண் என்று குறித்துக்கொண்டு போனால் ஒரு நாளில் முடியும் வேலை, ‘பாசனம் பற்றி ஏதாவது’ என்று போனால் மாதங்கள் ஆகும்.

மின்வடிவம் வேறு வகையான கவனத்தைக் கேட்கிறது. 2015 அக்டோபர் முதல் இந்திய அரசிதழ் மின்வடிவில் மட்டுமே வெளியாகிறது. வீட்டிலிருந்தே இறக்கிக்கொள்ளலாம் என்பது பெரிய வசதி. ஆனால் இணைய முகவரி மாறுகிறது; பழைய கட்டுரைகளில் கொடுத்த சுட்டிகள் செத்துப்போகின்றன. பக்கத்தை வருடிப் படமாக ஏற்றிய கோப்புக்குள் சொல்லைத் தேட முடியாது. தமிழ் ஆவணங்களில் இன்னொரு சிக்கல்: ஒருங்குறிக்கு முந்தைய எழுத்துருக்களில் தட்டச்சிட்ட கோப்பு கண்ணுக்குத் தமிழாகத் தெரியும், கணினிக்கோ அது பொருளற்ற லத்தீன் எழுத்துக் குவியல். தமிழ்நாடு அரசு 2010இல் ஒருங்குறியை ஏற்றது. அதற்கு முந்தைய கோப்புகள் தாமாக மாறிவிடவில்லை. ஆகவே தேடுபெட்டி ‘இல்லை’ என்று சொன்னால், அந்த ஆவணமே இல்லை என்று முடிவுகட்டக் கூடாது. துறை, ஆண்டு என்று வரிசையாகத் திறந்து பார்க்கும் பழைய முறைக்கு இன்னும் வேலை இருக்கிறது.

எங்கும் கிடைக்காதவற்றுக்குத் தகவல் பெறும் உரிமைச் சட்டம், 2005 இருக்கிறது. அதன் 4ஆம் பிரிவு, ஒவ்வொரு பொது அதிகார அமைப்பும் கேட்காமலே வெளியிட வேண்டிய 17 வகைத் தகவல்களை அடுக்குகிறது. மனு எழுதும் முன் அந்தப் பட்டியலைப் பார்ப்பது நல்லது. வேண்டிய தகவல் ஏற்கெனவே வெளியிடப்பட வேண்டியது என்று காட்டி எழுதும் மனுவைத் தட்டிக்கழிப்பது கடினம். துறை, வகை, எண், நாள் என்று துல்லியமாகக் கேட்கும் மனுவும் அப்படியே. நூலகர் உட்கார்ந்து இப்படி ஒரு மனுவைச் செப்பம் செய்து கொடுத்தால், அதுவும் நூலகச் சேவைதான்.

எடுத்தாளும் உரிமை

அரசு வெளியீடு என்றால் யாரும் எப்படியும் அச்சிடலாம் என்று பலர் நினைக்கிறார்கள். பதிப்புரிமைச் சட்டம், 1957 அப்படிச் சொல்லவில்லை. அரசு நூல்களுக்கும் வெளியான மறு ஆண்டிலிருந்து 60 ஆண்டு உரிமை உண்டு. ஆனால் 52ஆம் பிரிவு முக்கியமான விலக்குகளைத் தருகிறது. சட்டங்கள் தவிர அரசிதழில் வந்தவற்றையும், அவையில் வைக்கப்பட்ட குழு, ஆணைய அறிக்கைகளையும், தடை இல்லாத நீதிமன்றத் தீர்ப்புகளையும் மறுபதிப்பு செய்யலாம். சட்டங்களை உரையோடோ விளக்கத்தோடோ வெளியிடலாம். ஓர் ஊர் நூலகம் தன் வட்டாரம் பற்றிய ஆணைய அறிக்கையைப் படியெடுத்து வைக்கத் தயங்க வேண்டியதில்லை என்பது இதிலிருந்து பெறப்படும் செய்தி.

கடைசிப் படி

தேடிக் கண்டதும் வேலை முடிவதில்லை. கண்டதை மறுபடியும் காணும்படி பதிவுசெய்ய வேண்டும். வெளியிட்ட அமைப்பின் அந்நாளைய பெயர், ஆவணத்தின் வகை, பகுதியும் பிரிவும், எண், நாள், மின்வடிவம் என்றால் இறக்கிய நாள், எண் என்றால் அது தற்காலிகமா இறுதியா, பின்னர் திருத்தம் வந்ததா – இவை எல்லாம் ஒரு குறிப்பட்டையில் அடங்கும். கோப்பின் ஒரு படியையும் நம்மிடம் வைத்துக்கொள்ள வேண்டும். சுட்டியை மட்டும் நம்பிய ஆய்வு, சுட்டி சாகும் நாளில் சாகும். இந்தக் குறிப்பட்டையை எழுத ஐந்து நிமிடம் போதும். எழுதாமல் விட்டால் அடுத்து வருகிறவர் மொத்தத் தேடலையும் முதலிலிருந்து நடக்க வேண்டியிருக்கும்.

நம் மேசைக்கு வருகிறவர்களில் வழக்கறிஞரும் ஆய்வாளரும் மட்டும் இல்லை. ஏரிக்கரையில் திடீரென்று வேலி முளைத்ததைக் கண்டு வந்த ஊராட்சிக்காரர் இருப்பார். ஓய்வூதியக் கணக்கில் எந்த ஆணை தனக்குப் பொருந்தும் என்று தெரியாமல் பையில் நகல்களைச் சுமந்துவரும் முன்னாள் ஆசிரியை இருப்பார். அவர்களுக்குத் தெரியாத துறைப் பெயர்களும் எண் வரிசைகளும் நமக்குத் தெரியும். அரசு எந்த நாளில் என்ன சொன்னது என்பதை, அரசின் தாளைக் கொண்டே நிறுவும் வலிமையை அவர்களுக்குத் தருவது அந்த அறிவு. காவிரிக் கரையில் ஆறு ஆண்டுகள் ஒலித்த ‘அரசிதழில் வந்துவிட்டதா?’ என்ற கேள்வியை நாளை வேறொருவர் வேறொரு தேவைக்காக நம்மிடம் கேட்பார். ‘வந்தது’ என்று வாயால் சொல்லி அனுப்பிவிடாமல், பகுதி, பிரிவு, எண், நாள் குறித்து, பக்கத்தின் படியையும் அவர் கையில் கொடுத்து அனுப்புவோம்.